வெண்ணெய் திரளும் வேளையில்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் மாலை. இராயபுரத்தில் நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்றின் கூடத்தில் நாம் அமர்ந்திருந்தோம். வீட்டின் பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய பேரன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். சதுரங்கப் பித்துப் பிடித்தவன். தாத்தாவும் பேரனும் ஒரே கைபேசியின் மீது குனிந்திருந்தனர். இராயபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே, மாமல்லபுரத்தில், 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்தது. அன்று பத்தாவது சுற்று. இந்தியாவின் இரண்டாவது அணியும் உஸ்பெக்கிஸ்தான் அணியும் மோதின. முதற் பலகையில் சென்னை இளைஞர் குகேஷும், தாஷ்கண்ட் இளைஞர் நோதிர்பெக் அப்துசத்தாரோவும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். முன்னவருக்கு வயது 16, பின்னவருக்கு 17.

குகேஷ் அதுவரை ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று ஒன்றைச் சமன் செய்திருந்தார். உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான அமெரிக்காவின் பேபியானோ கருவானாவும் அவரிடம் தோற்றிருந்தார். அன்றைய ஆட்டத்திலும் வெற்றி அவர் பக்கமே சாய்ந்திருந்தது. 'இன்னும் கொஞ்ச நேரந்தான் நன்னா' என்று சிறுவன் பூரித்துப் போயிருந்தான். ஆனால் ஆட்டம் நீண்டது. கடிகாரத்தில் நேரம் கரைந்தது. நெருக்கடியில் குகேஷின் கை பிசகியது. வென்றிருக்க வேண்டிய ஆட்டம், சமனில்கூட நில்லாமல், தோல்வியில் முடிந்தது. அவர் பலகையின் முன் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்த காட்சியைக் கண்டு கூடத்தில் யாரும் பேசவில்லை. அணிகளுக்கிடையிலான போட்டி 2–2 எனச் சமனாயிற்று. மறுநாள் முடிவுகள் வெளியானபோது உஸ்பெக்கிஸ்தான் தங்கத்தையும், அர்மீனியா வெள்ளியையும், இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலத்தையும் பெற்றிருந்தன.

அன்று அச்சிறுவன் ஒரு கேள்வி கேட்டான். "நன்னா, கடைசியில் செய்த ஒரு தப்புக்காக, அதற்கு முன்னாலே நல்லா ஆடியதெல்லாம் வீண்தானா?" பெரியவர் உடனே விடை சொல்லவில்லை. வாயிலருகே நின்றிருந்த சிறுவனின் தந்தை சொன்னார்: "வீண்தான். கடைசியில் என்ன ஆச்சு என்பதுதான் கணக்கு." சொல்லிவிட்டு அவர் வெளியே சென்றுவிட்டார்.

அவர் அவ்வாறு சொன்னதன் காரணத்தை நாம் அறிவோம். அவர் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். பதினைந்து ஆண்டுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு வீடு வாங்க முன்பணமும் பேசி முடித்திருந்தார். பத்திரம் பதிய ஒரு மாதமே இருந்தது. அந்த ஒரு மாதத்தில், சேர்ந்த தொகையைச் சற்றே பெருக்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் ஆசை காட்டினார். எழுத்தில்லை, சாட்சியில்லை. பணம் போயிற்று, வீடும் போயிற்று. பதினைந்து ஆண்டுகள் ஒரு பிழையும் செய்யாதவர், கடைசி மாதத்தில் செய்த ஒரே பிழையை அன்று முதல் சுமந்து திரிகிறார். ஆகவே அச்சிறுவனின் கேள்வி சதுரங்கத்தைப் பற்றியது மட்டுமன்று. அது அவ்வீட்டின் கேள்வி. நம் வீடுகள் பலவற்றின் கேள்வியுமாகும். அதனை இங்கே சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

சதுரங்கம் நம் மக்களுக்கு அயலானதன்று. இந்நாட்டில் பிறந்த ஆட்டம் பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபு நாடுகளில் 'ஷத்ரஞ்ச்' என வழங்கி, பின்னர் ஐரோப்பா புகுந்தது. 'ஷாஹ் மாத்', அதாவது மன்னன் வழியற்றுத் திகைத்தான் என்னும் பாரசீகத் தொடரே இன்று உலகெங்கும் ஆட்டத்தின் முடிவைக் குறிக்கும் சொல்லாகத் திரிந்து வழங்குகிறது. இதனை ஆடலாமா என்பதில் நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சூதும் தொழுகையைத் தவறவிடுதலும் இல்லாத வரை ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு ஓரளவு இடமளிக்கப்பட்டது. ஹனஃபீ மத்ஹபினர் கடுமையான நிலையை மேற்கொண்டனர். அந்த விவாதத்துள் நாம் இப்போது புகவில்லை. ஆடுவோரும் ஆடாதோரும் இந்த ஆட்டத்தினின்று கற்றுக்கொள்ளத்தக்க ஒன்றினைப் பற்றியே பேசுகிறோம்.

அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், பக்தாதில் அபூபக்ர் அஸ்ஸூலி என்னும் பேரறிஞர் இருந்தார். ஷத்ரஞ்சில் அவருக்கு நிகரானவர் அன்று எவருமிலர். அவர் ஒரு புதிர் அமைத்தார். பலகையில் சில காய்களே இருக்கும். ஒரு தரப்பு வெல்ல முடியும். ஆனால் எப்படி என்பதுதான் புதிர். அதனை எவராலும் அவிழ்க்க இயலவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்து, 1980களில்தான் சோவியத் நாட்டின் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதன் விடையை விளக்கினார். இதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. 'வெல்லும் நிலை' வேறு; 'வெற்றி' வேறு. முன்னதற்கும் பின்னதற்கும் இடையில் உள்ள வழி, அஸ்ஸூலியின் புதிரில் ஆயிரம் ஆண்டு நீளமாக இருந்தது.

இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். நிலை நமக்குச் சாதகமாகிவிட்டால் வெற்றியே நமக்குச் சொந்தமாகிவிட்டதாக எண்ணுகிறோம். உடைமை என்று எண்ணியதைக் காப்பதில் யாருக்கும் அத்துணை விழிப்பு இருப்பதில்லை. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவனுக்கே உறக்கம் கொள்ளாது. வெல்லும் நிலை என்பது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் போன்றது. அது கையில் இருக்கிறது; நமதாகிவிடவில்லை.

பிழைகள் ஏன் கடைசியில் வருகின்றன? காரணங்கள் பல. ஒலிம்பியாடில் ஒவ்வொரு வீரருக்கும் முதல் 40 நகர்வுகளுக்கு 90 நிமிடங்கள். அதன் பின்னர் 30 நிமிடங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 30 வினாடிகள். நான்கைந்து மணி நேரம் ஆடிய பிறகு அந்தக் கூடுதல் வினாடிகளை நம்பியே ஆட வேண்டியதாகிறது. ஆட்டத்தின் மிகக் கடினமான முடிவுகளை, மூளை மிகவும் களைத்திருக்கும் வேளையில், மிகக் குறைந்த நேரத்தில் எடுக்க வேண்டியுள்ளது. இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் எதிராளி. தோற்கும் நிலையில் உள்ளவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. அவன் மனம் ஓரிடத்தில் குவிகிறது. ஒவ்வொரு நகர்விலும் ஒரு சிறு பொறியை வைத்துக்கொண்டே செல்கிறான். வெல்பவனுக்கோ பல வழிகள் திறந்திருக்கின்றன. பல வழிகள் உள்ளவனே வழி தவறுகிறான்.

மூன்றாவது காரணமே மிக நுட்பமானது. அது மகிழ்ச்சி. வெற்றி கண்ணுக்குத் தெரிந்ததும் மனம் பலகையை விட்டு எழுந்து பரிசு மேடைக்குப் போய்விடுகிறது. திருவள்ளுவர் இதற்கெனவே 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரம் வகுத்தார். மிகுந்த உவகையில் பிறக்கும் மறதி, அளவு கடந்த சினத்தைவிடத் தீயது என்பது அவர் கருத்து. சினத்தின் தீமையை எவரும் அறிவர். மகிழ்ச்சியின் சோர்வைத் தீமையென்று எண்ணுவோர் சிலரே.

வடசென்னைக்குச் சதுரங்கத்தைவிட நெருக்கமானது கேரம். இராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் தெருவிளக்கின் கீழும் சிறு மன்றங்களிலும் பலகையைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தைக் காணாதார் யார்? புது வண்ணாரப்பேட்டைப் பகுதியின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று நம் பகுதிக்கே பெருமை சேர்த்தார். அந்தக் கேரம் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. சிவப்புக் காயைப் பையில் தள்ளிவிட்டால் போதாது. அதனைத் தொடர்ந்து தன் காய் ஒன்றையும் தள்ள வேண்டும். அதனை 'ஃபாலோ' என்பர். ஃபாலோ விழாவிட்டால் சிவப்பு மீண்டும் பலகையின் நடுவுக்கே வந்துவிடும். எத்துணை அருமையான அடியில் சிவப்பு விழுந்தது என்பதை விதி கேட்பதில்லை. அடுத்த, எளிய, அழகற்ற அடி விழுந்ததா என்பதையே கேட்கிறது. நம் மக்கள் நாள்தோறும் ஆடும் ஆட்டத்திலேயே இப்பாடம் எழுதப்பட்டிருக்கிறது.

இராயபுரத்துப் பெரியவர் தம் தொழிலிலிருந்து இதே கருத்தை நமக்குச் சொல்வார். கப்பலின் ஆழத்திலிருந்து சரக்கைத் தூக்கும்போது எல்லாருடைய கண்ணும் அதன் மேலிருக்குமாம். அது அந்தரத்தில் ஆடும்போதும் அனைவரும் விலகி நிற்பார்களாம். தரையைத் தொட ஒரு முழம் இருக்கையில்தான், 'வந்துவிட்டது' என்று ஒருவன் கையை நீட்டுவானாம். ஒருவன் முதுகைத் திருப்புவானாம். "நான் பார்த்த விபத்தெல்லாம் உசரத்தில் நடக்கவில்லை, அந்த ஒரு முழத்தில்தான் நடந்தது" என்பார் அவர்.

இவ்விடத்தில் நம் வரலாற்றின் ஒரு பக்கத்தை நினைவுகூராமல் இருக்க முடியாது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, கி.பி. 625இல், உஹது மலையடிவாரத்தில் நடந்த போர் அது. பெருமானார் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் ஐம்பது வில்லாளர்களை ஒரு குன்றின் மீது நிறுத்தி, வென்றாலும் தோற்றாலும் தம் ஆணையின்றி அவ்விடத்தை விட்டு நகரலாகாது எனப் பணித்தார்கள். போரின் முற்பகுதி முஸ்லிம்களுக்கே சாதகமாயிற்று. குறைஷிகள் ஓடத் தொடங்கினர். வெற்றி முடிந்த முடிவென எண்ணிய வில்லாளர்களில் பெரும்பாலோர், தலைவர் தடுத்தும் கேளாமல், குன்றை விட்டு இறங்கினர். அந்நாளில் இஸ்லாத்தை ஏற்றிராத காலித் இப்னு வலீத் குதிரைப் படையுடன் அந்த வெற்றிடத்தின் வழியே சுற்றி வந்து தாக்கினார். ஹம்ஸா (ரலி) அவர்கள் உட்பட எழுபதின்மர் அளவில் ஷஹீதாயினர். பெருமானாரும் காயமுற்றார்கள்.

வென்ற ஆட்டத்தை இழத்தல் என்பதற்கு இதனினும் துயரமான சான்று நமக்கு வேண்டுவதில்லை. ஆயினும் நாம் காண வேண்டியது அதற்குப் பின் நிகழ்ந்தது. பிழை மறைக்கப்படவில்லை, திருமறையின் ஆலு இம்ரான் அத்தியாயம் அதனை வெளிப்படையாகவே எடுத்துரைக்கிறது. பிழை செய்தோர் ஒதுக்கப்படவும் இல்லை. அவர்களிடம் கனிவு காட்டவும், அவர்களை மன்னிக்கவும், தொடர்ந்து அவர்களைக் கலந்தாலோசிக்கவுமே அதே அத்தியாயம் பணிக்கிறது. மறுநாளே பெருமானார் (ஸல்) அவர்கள், முன்னாள் போரில் கலந்துகொண்டவர்களையே, காயம்பட்டவர்களையும் சேர்த்து, ஹம்ராவுல் அஸத் வரை அழைத்துச் சென்றார்கள். பிழையைப் பிழையென்று சொல்வதும், பிழைத்தவனைத் தன்னோடு வைத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது உஹதின் பாடம்.

இனி, சிறுவனின் கேள்விக்கு வருவோம். முன்னே ஆடியதெல்லாம் வீணா?

இதற்கு எளிதான ஆறுதல் ஒன்றுண்டு. 'முடிவு முக்கியமில்லை, முயற்சியே முக்கியம்' என்று சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அது பொய் என்பது குழந்தைக்கும் தெரியும். முடிவு முக்கியந்தான். அன்று குகேஷ் வென்றிருந்தால் போட்டி 3–1 என முடிந்திருக்கும். பதக்கத்தின் நிறமும் மாறியிருக்கக்கூடும். பக்கத்துப் பலகைகளில் ஆடிய தோழர்களும் அந்த இழப்பில் பங்கு கொண்டனர். நல்ல முடிவை இறைவனிடம் வேண்டி நாள்தோறும் கையேந்தும் நாம், முடிவு முக்கியமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

மேலும், எல்லாப் பிழைகளும் சதுரங்கப் பலகைக்குள் அடங்கிவிடுவதில்லை. 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே, சரக்கை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் என்னும் கப்பலும், எண்ணெய் ஏற்றி உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் என்னும் கப்பலும் மோதிக்கொண்டன. உள்ளே வந்த கப்பலுக்கு அது பயணத்தின் கடைசிக் கட்டம். கடலில் கொட்டிய எண்ணெய் எண்ணூர் முதல் தெற்கே நெடுந்தொலைவு கரையில் கருஞ்சேறாக ஒதுங்கியது. பாறைகளின் இடையில் இறங்கி, வாளி வாளியாக அதனை இளைஞர்கள் அள்ளிய காட்சியை வடசென்னை மக்கள் மறக்க மாட்டார்கள். மீனவர்களின் மீன் விலை போகவில்லை. கப்பலில் இருந்தவர்கள் யாரோ. விலை கொடுத்தவர்கள் யாரோ. பலகையில் செய்த பிழைக்கு ஆடுபவன் அழுகிறான். துறைமுகத்தில் செய்த பிழைக்குக் கரையிலுள்ளவன் அழுகிறான். ஆகவே கடைசி வரை விழித்திருப்பது வெற்றி வேட்கையினால் மட்டும் அன்று. பிறர் மீதுள்ள கடமையினாலும் ஆகும்.

எனவே முடிவு முக்கியம். அப்படியாயின் சிறுவனின் தந்தை சொன்னதுதான் சரியா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். அவர் இரண்டு கணக்குகளை ஒன்றாகக் கலந்துவிட்டார்.

ஒன்று, ஆட்டத்தின் கணக்கு. அதில் தோல்வி தோல்விதான், சுழியம் சுழியந்தான். எவ்வளவு அழகாக ஆடினாலும் அரைப் புள்ளி கூடக் கிடைப்பதில்லை. இன்னொன்று, ஆடியவனின் கணக்கு. அந்நிலையை எட்டுவதற்கு அவன் பெற்ற அறிவும், பழக்கமும், பொறுமையும் கடைசி நகர்வோடு அவனை விட்டுப் போய்விடவில்லை. அவை அவனுள் இருக்கின்றன. இழந்தது ஓர் ஆட்டம். ஆட்டத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கை அவனிடமே இருக்கிறது. பதினைந்து ஆண்டுச் சேமிப்பை இழந்தவர் பணத்தை இழந்தார். பதினைந்து ஆண்டுகள் சேமிக்கத் தெரிந்த மனிதரை அவர் இழக்கவில்லை. அவரையும் சேர்த்து இழந்துவிட்டதாக அவரே எண்ணிக்கொண்டிருப்பதுதான் இரண்டாவது இழப்பு. முதல் இழப்பைப் பிறர் செய்தனர். இரண்டாவதை அவரே நாள்தோறும் செய்துவருகிறார்.

இந்த இரண்டாவது இழப்புக்குச் சதுரங்க வரலாற்றில் ஒரு சான்றுண்டு. 1902ஆம் ஆண்டு மான்டி கார்லோ நகரில் ஜார்ஜ் மார்க்கோ என்பவர் போப்பியேல் என்பவருடன் ஆடினார். தம் காய் ஒன்று பறிபோவதைத் தவிர்க்க வழியில்லை என்று எண்ணிய மார்க்கோ, தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். உண்மையில் அந்நிலையில் அவர் ஒரே நகர்வில் ஆட்டத்தை வென்றிருக்கலாம்! அவர் பலகையைப் பார்க்கவில்லை. தம் அச்சத்தைப் பார்த்தார். மிகையான நம்பிக்கையால் வெற்றியை இழப்பவர் பலர். மிகையான அவநம்பிக்கையால் இழப்பவரும் உண்டு. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். எதிரே இருக்கும் நிலையை உள்ளபடி காணாமையே அந்நோய்.

இன்னுமொரு கேள்வி எஞ்சுகிறது. எதிராளியின் பிழையால் வென்றவன் அவ்வெற்றிக்கு உரியவனா? அப்துசத்தாரோவ் அன்று எழுந்து போய்விடவில்லை. தோற்கும் நிலையில் மணிக்கணக்கில் அமர்ந்து, எதிராளிக்கு வேலையைக் கடினமாக்கிக்கொண்டே இருந்தார். எதிராளியின் பிழை வானத்திலிருந்து விழவில்லை; அவருடைய பொறுமை அதற்கு இடம் அமைத்துக் கொடுத்தது. வஞ்சகமின்றி, விதிக்குள் நின்று போராடியவனின் வெற்றியில் களங்கமில்லை. ஆனால் ஒன்றை அவன் மறக்கலாகாது. நாளை அந்த நாற்காலியில் தானும் அமரக்கூடும்.

அப்படித்தான் ஆயிற்று, பலருக்கும். 2024 ஏப்ரலில் கனடாவின் டொரொண்டோ நகரில் உலகப் பட்டத்துக்கு அறைகூவுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடந்தது. ஏழாவது சுற்றில் குகேஷ் மீண்டும் நேர நெருக்கடியில் சிக்கி அலிரேசா ஃபிரூஸ்ஜாவிடம் தோற்றார். மறுநாள் ஓய்வு நாள். அந்தத் தோல்வியே தமக்குப் புதிய ஊக்கம் தந்ததாக அவர் பின்னாளில் கூறினார். கடைசிச் சுற்றில் கருவானாவும் ரஷ்யாவின் நெப்போம்னியாஷியும் மோதினர். இருவருக்கும் வெற்றி கட்டாயம். கருவானா வெல்லும் நிலையை அடைந்தும், அதனைத் தவறவிட்டு, 109 நகர்வுகளுக்குப் பின் சமன் செய்தார். குகேஷ் முதலிடம் பெற்றார். ஆட்டம் முடிந்ததும் நெப்போம்னியாஷி தம் வருத்தத்தைத் தெரிவிக்க, குற்றம் தன்னுடையதே என்று கருவானா ஒப்புக்கொண்டார். இருவரும் அப்போதுதான் தம் வாய்ப்பை இழந்திருந்தனர்; எனினும் ஒருவர் மற்றவர் மீது பழி போடவில்லை. தோல்வியின் வாயிலில் மனிதப் பண்பு இவ்வாறும் ஒளிர்வதுண்டு.

அதே ஆண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய அணி தங்கம் வென்றது. முதற் பலகையில் ஆடியவர் மாமல்லபுரத்தில் தலைகவிழ்ந்த அதே இளைஞர்தாம். டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில், சமனாக வேண்டிய நிலையில் சீன வீரர் டிங் லிரென் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆட்டமும் பட்டமும் குகேஷுக்கு வந்தன. 2025 ஜூன் 1ஆம் நாள் நார்வேயில், ஈடிணையற்றவரெனப் புகழப்பெற்ற மாக்னஸ் கார்ல்சன், வெல்லும் நிலையிலிருந்து குகேஷிடமே தோற்று, மேசையைக் கையால் அறைந்தார். மாமல்லபுரத்தில் குகேஷுக்கு நேர்ந்தது, மூன்றாண்டு கழித்து உலகின் முதல்வருக்கும் நேர்ந்தது. 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்பது வெறும் பழமொழியன்று.

ஆயினும், வாசக அன்பர்களே, இந்தப் பிற்கால வெற்றிகளைக் காட்டி நம் வாதத்தை முடித்துக்கொள்வது நேர்மையாகாது. 'பின்னர் வென்றுவிட்டார், ஆகவே அன்றைய தோல்வி வீணாகவில்லை' என்றால், பின்னர் வெல்லாதவர்களின் கதி என்ன? தோற்றவர் எல்லாரும் உலக வீரர் ஆவதில்லை. இழந்த வீடு பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. அவர்களுக்கும் பொருந்துகிற விடையே விடை. அது, நாம் மேலே சொன்னதுதான்: ஆட்டத்தின் கணக்கு வேறு, ஆடியவனின் கணக்கு வேறு. பின்னர் வெற்றி வந்தாலும் வராவிட்டாலும் அது உண்மை. குகேஷ் அதன் பின்னர் ஓர் ஆட்டத்திலும் வெல்லாதிருந்தாலும் அது உண்மையாகவே இருந்திருக்கும். உஹதில் ஷஹீதானோர் மறுநாள் எழுந்து வந்து வெல்லவில்லை. அதனால் அவர்கள் குறைந்துபோகவுமில்லை.

இனி, நம் இல்லங்களில் செய்யத்தக்கது யாது? நம் பிள்ளைகள் தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் தவறுகிறார்கள். நேர்முகத் தேர்வின் கடைசிக் கேள்வியில் தடுமாறுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர்கள் செவியில் விழும் முதற் சொல் என்ன? 'எல்லாம் கையில் இருந்தும் கோட்டை விட்டாயே' என்பதுதான் பெரும்பாலும். அச்சொல் பொய்யன்று, ஆனால் அது முதற் சொல்லாக இருக்கத் தக்கதன்று. சதுரங்க வீரர்களிடையே ஒரு நல்ல மரபுண்டு. ஆட்டம் முடிந்ததும் முதலில் கைகுலுக்குகிறார்கள். பின்னர், இயன்றால், வென்றவனும் தோற்றவனும் சேர்ந்தே காய்களை மீண்டும் அடுக்கி, எந்த இடத்தில் வழி பிசகியது என்று தேடுகிறார்கள். முதலில் கை, பிறகு கணக்கு. இந்த வரிசையை நாம் கற்றுக்கொண்டால் போதும்.

அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே ஒரு ஞாயிறு மாலை நாம் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். சிறுவன் தன் நன்னாவோடு ஆடிக்கொண்டிருந்தான். அவனிடம் ராணியும் ஒரு யானையும் இருந்தன. பெரியவரிடம் தனித்த ராஜா மட்டுமே. அவசரத்தில் அவன் ராணியை வைத்த இடத்தில், பெரியவரின் ராஜாவுக்கு முற்றுகையும் இல்லை. நகர இடமும் இல்லை. இன்றைய விதிப்படி ஆட்டம் சமன். பழைய ஷத்ரஞ்சில் இவ்வாறு அடைபட்டவனே தோற்றவன் எனக் கணக்கிட்டார்கள். இன்றைய விதி தோற்பவனுக்கு இந்தக் கடைசிப் புகலிடத்தைத் தந்திருக்கிறது. சிறுவனின் கண்கள் கலங்கின. அருகில் அமர்ந்திருந்த அவன் தந்தையை நாம் பார்த்தோம். அவர் வழக்கமான அச்சொல்லைச் சொல்ல வாயெடுத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். சற்று நேரம் பலகையையே பார்த்திருந்துவிட்டு, "ராணியை எடுத்து மறுபடி முன்னே இருந்த கட்டத்திலே வை. எங்கே வைத்திருக்கணும்னு பார்ப்போம்" என்றார்.

மகன் ராணியை எடுத்து வைத்தான். தந்தை தம் நாற்காலியைப் பலகையின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கையில் வந்ததைக் கடைசி வரை காக்கும் விழிப்பையும், காக்கத் தவறியபோது மனம் உடையாத உறுதியையும், தவறியவரைத் தள்ளிவிடாத நெஞ்சையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!